எக்ஸ் டாஷும் சம்பந்தியம்மாவும்

கணக்குப் பேராசிரியர் "ஒரு நிமிஷம்" என்றால் எதிரே இருப்பவர் தன் கணக்கை மனசுக்குள் மறுபடி கூட்டிப் பார்ப்பார். அவர் கேட்பது நிமிஷத்தை அல்ல. எங்கோ ஒரு தப்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது, அதை இப்போதே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது என்று அர்த்தம். கல்லூரியில் மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'ஒருநிமிஷம்'. அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

வீட்டில் அந்தப் பெருமை செல்லுபடியாகாது. மகனுக்கு முதலில் ஓர் இடம் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா வீடு கட்டி விற்பவர். தான் கட்டிய வீட்டின் பரப்பளவை அவர் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நம்மவர் "ஒரு நிமிஷம்" என்று பேனாவைத் திறந்தார். நடைபாதையை இரண்டு அறைகளிலும் சேர்த்துக் கூட்டியிருக்கிறீர்கள் என்று காகிதத்தில் போட்டே காட்டிவிட்டார். அந்த மனிதர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை நான் வெச்சிருந்திருக்கணும்" என்றாள் மனைவி. அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தை மேய்ப்பவள். வார்த்தைகளையும் மருந்து மாதிரியே அளந்துதான் கொடுப்பாள், கசப்பு குறையாமல்.

இப்போது இரண்டாவது இடம். இது மகனே தேடிக்கொண்டது. பெண் பல் டாக்டர். பெண்ணின் அப்பா கப்பலில் இன்ஜினியர், பாதி வருஷம் கடலில் இருப்பார். அம்மா ஊரின் மறுகோடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவி. சத்தமாகச் சிரிப்பவள், எதையும் மனசில் வைத்துக்கொள்ளாமல் பேசுபவள். கணக்குப் பேராசிரியருக்கு அவளைப் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று. எல்லாம் பேசி முடிந்து, பிள்ளைகள் குடியேற வாடகை வீடுகூடப் பார்த்தாகிவிட்டது. இந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா தன் சொற்பொழிவை எழுதி அனுப்பினாள்.

"சனிக்கிழமை எங்க காலேஜ்ல பேசறேன். ஹால் நிறைஞ்சிடும்ங்கறாங்க. நீங்க கணக்குக்காரர், ஒரு தடவை கண்ணை ஓட்டிப் பார்த்துடுங்க" என்றாள் போனில்.

தலைப்பு: 'மாபெரும் கட்டுரையில் ஒரு சின்னப் பிழை.'

எந்தக் கட்டுரை என்று கேட்கவே தேவையில்லை. ஒளியின் வேகம் யார் அளந்தாலும் ஒன்றுதான் என்று ஆரம்பித்து, அப்படியானால் நேரமும் நீளமும்தான் ஆளுக்கு ஆள் மாறியாக வேண்டும் என்று முடித்து, உலகத்தின் தலையைச் சுற்ற வைத்த அந்தப் பழைய சார்பியல் கட்டுரை. அதில் பிழை கண்டுபிடித்திருக்கிறேன் என்கிறாள் ஒருத்தி. அதுவும் நமக்குச் சம்பந்தி! அவர் ஆசையோடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மூலக் கட்டுரையையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். அதில் ஓரிடத்தில் எக்ஸ் என்ற எழுத்தின் தோளில் ஒரு சின்னக் கோடு. எக்ஸ் டாஷ். எக்ஸிலிருந்து வேகத்தையும் நேரத்தையும் பெருக்கிக் கழித்தால் எக்ஸ் டாஷ் என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் விளக்கம் பெரிதாக இல்லை.

கணக்குக்காரர்களுக்கு எழுத்தின் மேல் டாஷ் என்றால் வகைக்கெழு. அதாவது அந்த அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. கோட்டைப் பார்த்த கண், யோசிக்கிற மூளையிடம் அனுமதி கேட்கவில்லை. கை பேனாவை எடுத்துவிட்டது. வகைக்கெழுச் சமன்பாடு, அதுவும் சின்னது, அழகானது. மளமளவென்று தீர்த்தார். விடை வந்தது. பக்கத்தை நிமிர்த்திப் பிடித்து ரசித்தார். பிறகுதான் அந்த விடை என்ன சொல்கிறது என்று படித்துப் பார்த்தார். ஒரே சீராக ஓட வேண்டிய பொருள், நேரம் ஆக ஆக வேகம் குட்டிபோட்டுப் பெருகி, நாளைக் காலைக்குள் வானத்தையே தாண்டிவிடும் போலிருந்தது.

"அசடு" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு, அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் மறைத்தார். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் மறைத்தார்.

டாஷ் என்பது இங்கே வெறும் வேறு பெயர். பழைய அளவு எக்ஸ், அதிலிருந்து செய்த புது அளவு எக்ஸ் டாஷ். சரி, அது எதன் அளவு? சம்பந்தியம்மா எழுதியிருந்ததைப் படித்தார். அவள் ஒரு ரயிலை வைத்துச் சொல்லியிருந்தாள். ஓடும் ரயிலில் பின்சுவரிலிருந்து விளக்கொளி கிளம்பி, முன்சுவரில் மாட்டிய கண்ணாடிக்குப் போகிறது. அந்தத் தூரம் எக்ஸ் டாஷ். போய்ச் சேர எவ்வளவு நேரம்? கட்டுரையை எழுதியவர், எக்ஸ் டாஷை ஒளியின் வேகத்தால் வகுக்காமல், ஒளியின் வேகத்திலிருந்து ரயிலின் வேகத்தைக் கழித்து அதனால் வகுக்கிறார். 'இதோ பிழை!' என்று எழுதியிருந்தாள் சம்பந்தியம்மா. 'ரயிலுக்குள் இருப்பவருக்கும் ஒளியின் வேகம் மாறாது என்று விதி போட்டவரே இவர்தான். அப்புறம் இந்தக் கழித்தல் எங்கிருந்து வந்தது? தான் போட்ட விதியைத் தானே மீறுகிறார். பின்னால் எல்லாம் ஒன்றுக்கொன்று அடிபட்டுச் சரியாகிவிடுவதால் யாரும் கவனிக்கவில்லை.'

படிக்கப் படிக்க ஜோராக இருந்தது. ஆனால் அவர் நாக்கு உள்ளே துறுதுறுத்தது. ஒரு நிமிஷம்.

மாலையில் மனைவியோடு நடக்கப் போனார். அவள் நடை எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருக்கும். இவர் யோசித்துக்கொண்டே பின்தங்கிவிடுவார்.

"என்ன, அங்கேயே குடியிருக்கப் போறீங்களா? வாங்க!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

அவர் காலை எட்டிப் போட்டார். அவளும் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால் இடைவெளி மெல்லத்தான் குறைந்தது. அடுக்கு மாடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி இருவரையும் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் அப்படியே நின்றுவிட்டார். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் எங்கள் இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி எந்த வேகத்தில் குறைகிறது? என் வேகத்திலிருந்து அவள் வேகத்தைக் கழித்தால் வரும் வேகத்தில். ஒளிக்குப் பதில் நான், ஓடும் கண்ணாடிக்குப் பதில் அவள். இதில் யார் வேகமும் மாறவில்லை, எந்த விதியும் உடையவில்லை. வெளியே உட்கார்ந்திருப்பவர் தன் அளவில் இடைவெளியை அளந்தால் கழித்தல் தானாக வரும்.

எக்ஸ் டாஷ் ரயிலில் இருப்பவரின் அளவு இல்லை. ரயிலோடு சேர்ந்து நகர்கிற தூரம்தான், ஆனால் அளப்பவர் வெளியே நிற்பவர். கட்டுரையில் பிழை இல்லை. பாவம், சம்பந்தியம்மா! பிற்காலத்துப் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் டாஷ் போட்டால் அது ஓடுகிறவரின் அளவு. அதையே வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிய கை அது. அந்தக் கை பழைய கட்டுரையையும் அப்படியே படித்துவிட்டது. பாடம் நடத்தாத ஒருவருக்கு இந்தத் தப்பு வரவே வராது.

"ஏன் நிக்கறீங்க? நெஞ்சு வலியா?" மனைவி திரும்பி ஓடி வந்தாள்.

"இல்ல. சம்பந்தியம்மா தப்புப் பண்ணியிருக்காங்க."

விஷயம் முழுவதையும் கேட்டு முடித்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. நெஞ்சு வலியே தேவலை என்பதுபோல் பார்த்தாள்.

"மூச்சு விடக்கூடாது. கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீங்களும் அவங்களும் டாஷ் போட்டு விளையாடுங்க."

"சனிக்கிழமை ஹால் நிறைய ஆள் இருக்கும்டி. யாராவது ஒருத்தன் எழுந்திரிச்சுக் கேட்டான்னா?"

"கேக்கட்டும். கேட்டவன் வேற ஆளா இருக்கட்டும். இன்னொரு இடமும் உங்களால கெட்டுதுன்னா நம்ம பையன் உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டான்."

மகன் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லும்போது அவன் குரல் எப்படி மாறுகிறது என்பது அவருக்குத் தெரியும். அவன் சந்தோஷத்தைவிட ஒரு சின்னக் கோடு பெரிதா? பெரிதில்லை. ஆனால் அந்த நல்ல பெண்மணி மேடையில் நின்று, கையைத் தட்டிச் சிரிக்கிற அந்த முகத்தோடு, நாலு பேர் முன்னால் தலைகுனிவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் எந்த முகத்தோடு அப்புறம் அவளைச் சம்பந்தி என்று கூப்பிடுவது? இரண்டு நாள் அவர் மென்று விழுங்கினார். சோற்றை அல்ல.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் வாடகை வீட்டில் அளவெடுக்கப் போவதாக ஏற்பாடு. கிளம்பும்போது அவர் மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"டாக்டர் சீட்டுல டோஸ் தப்பா இருக்குன்னு வெச்சுக்கோ. சொன்னா அவர் கோவிச்சுக்குவார். நீ என்ன பண்ணுவ? பேசாம மருந்தை எடுத்துக் கொடுத்துடுவியா?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். அது அவளுடைய பிடி எங்கே இருக்கிறது என்று பார்த்து அடித்த அடி. அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"கொடுக்க மாட்டேன். போன் போட்டுச் சொல்லுவேன்."

"திட்டுவாரே?"

"திட்டுவார். திட்டினா திட்டட்டும்." கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: "சரி, சொல்லித் தொலைங்க. ஆனா அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் எடுக்காதீங்க. முதல்ல உங்க அசட்டுத்தனத்தைச் சொல்லுங்க. சட்டைப் பையில ஒரு தாள் வெச்சிருந்தீங்களே, துவைக்கப் போடறப்ப பார்த்தேன்."

வாடகை வீடு காலியாக இருந்தது. பேசினால் எதிரொலித்தது. பிள்ளைகள் இருவரும் சமையலறையில் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டில் எங்கே போடுவது என்பதற்காகப் படுக்கையறையை அளக்கும் வேலை பெரியவர்களுக்கு. டேப்பின் ஒரு முனையைச் சம்பந்தியம்மா ஜன்னல் ஓரத்தில் பிடித்துக்கொண்டாள், மறுமுனை பேராசிரியரிடம். மனைவி வாசற்படியில் நின்றாள், காவலுக்கு நிற்பவள் மாதிரி.

"என் பேச்சைப் படிச்சீங்களா? ஒண்ணுமே சொல்லலியே!" என்றாள் சம்பந்தியம்மா.

வந்துவிட்டது.

"படிச்சேன். எக்ஸ் டாஷைப் பார்த்ததும் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? வகைக்கெழுன்னு நினைச்சுட்டேன். சமன்பாட்டைத் தீர்த்தே முடிச்சுட்டேன்."

சம்பந்தியம்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு அந்தக் காலி வீடு அதிரச் சிரித்தாள். "வகைக்கெழுவா! விடை என்ன வந்துச்சு?"

"ரயில் மறுநாளைக்குள்ள வானத்தைத் தாண்டிடுச்சு."

அவள் சிரித்துச் சிரித்து டேப்பை விட்டுவிட்டாள். அது சர்ரென்று சுருண்டு அவர் விரலில் அடித்தது. வலித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. டேப்பின் முனையை மறுபடி அவளிடம் நீட்டினார்.

"இப்ப ஒண்ணு கேக்கறேன். கண்ணாடிக்குப் போற தூரம்னு எழுதியிருக்கீங்களே, அதை அளக்கிற டேப் யார் கையில இருக்கு? ரயில்ல இருக்கறவர் கையிலயா, வெளிய நிக்கறவர் கையிலயா?"

"ரயில்ல இருக்கறவர் கையிலதான். டாஷ் போட்டிருக்கே" என்று அவள் சட்டென்று ஆரம்பித்து, பாதியிலேயே நின்றாள்.

அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக, சொல்ல வேண்டியது பாக்கி இருந்தும் அவர் வாய் மூடியிருந்தது. சம்பந்தியம்மா டேப்பைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து வடிந்துபோயிற்று. கீழே கிடந்த அட்டைப் பெட்டியின் மேல் பென்சிலால் ஏதோ எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். எக்ஸிலிருந்து கழித்ததுதானே எக்ஸ் டாஷ்? எக்ஸ் வெளியே நிற்பவருடையது, நேரமும் அவர் கடிகாரத்தினுடையது. அவருடையதையெல்லாம் வைத்துக் கழித்தால் வருவது மட்டும் எப்படி வேறொருவருடையதாக இருக்கும்? அவள் உதடுகள் அசைந்ததிலேயே பேராசிரியருக்கு அவள் எந்த வரியில் இருக்கிறாள் என்று தெரிந்தது.

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா, கட்டில் வருமா?" என்று பெண் உள்ளேயிருந்து கேட்டாள்.

"வரும்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

போகும்போது பேராசிரியரிடம் ஒன்றுதான் சொன்னாள். "நாளைக்கு வந்துடுங்க. முன்வரிசையில உட்காருங்க."

இதற்கு என்ன அர்த்தம்? கோபமா, வருத்தமா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரும் மனைவியும் அந்த இரண்டு வாக்கியத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். டாஷுக்காவது அர்த்தம் கண்டுபிடித்துவிடலாம் போலிருந்தது. 'கெடுத்துட்டீங்க' என்று அவள் சொல்லவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் சொல்லாமல் விடுகிற ரகம் இல்லை அவள்.

சனிக்கிழமை ஹால் உண்மையிலேயே நிறைந்திருந்தது. மாணவிகள் ஜன்னல் கட்டையில்கூட உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பேராசிரியர், இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் மகன், அவனுக்கு அடுத்து அந்தப் பெண். மேடையில் திரையில் தலைப்பைப் போட்டார்கள். மாறவே இல்லை: 'மாபெரும் கட்டுரையில் ஒரு சின்னப் பிழை.'

என்ன இது, அப்படியேதான் பேசப் போகிறாளா? நேற்று அத்தனை நேரம் அட்டைப் பெட்டியில் போட்டுப் பார்த்தது எதற்கு?

சம்பந்தியம்மா பேச ஆரம்பித்தாள். ரயில் வந்தது, விளக்கொளி வந்தது, கண்ணாடி வந்தது. எக்ஸ் டாஷைப் பலகையில் பெரிதாக எழுதினாள். கழித்தலை எழுதினாள். "பார்த்தீங்களா? விதியைப் போட்டவரே விதியை மீறிட்டார்!" என்றாள். ஹால் முழுக்கத் தலைகள் ஆடின. ஆமாம், மீறிட்டார். பின்வரிசையில் இருந்த ஆசிரியர்கள்கூட ஆட்டினார்கள். அவர்களும் வருஷக்கணக்காக அதே டாஷைப் போட்டவர்கள்தான்.

பேராசிரியர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மகன் அவரை ஓரக்கண்ணால் பார்ப்பது தெரிந்தது. வேண்டாம்பா என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மேடையில் பேச்சு நின்றது. சம்பந்தியம்மா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நேரே அவரைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

"என்ன சம்பந்தி, மாப்பிள்ளை சொல்லுவாரே, எங்க உங்க 'ஒரு நிமிஷம்'? உங்களுக்காகத்தான் நிறுத்தியிருக்கேன்."

சபை திரும்பி அவரைப் பார்த்தது. அவள் மைக்கை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னாள்:

"இந்தப் பேச்சை எட்டுப் பேருக்கு அனுப்பினேன். ஏழு பேர் பிரமாதம்னாங்க. இப்ப ஹால்ல நீங்க எல்லாரும் தலையை ஆட்டினீங்க. கட்டுரையில பிழை இல்ல. பிழை நான் படிச்சதுல. அதைக் கண்டுபிடிச்சவர் அதோ உட்கார்ந்திருக்கார், என் பொண்ணோட மாமனார். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட 'நீங்க தப்பு'ன்னு சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! நேத்து ராத்திரி எனக்கு அழுகையும் வந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. இப்ப முழுக்கச் சந்தோஷம்தான். என் பொண்ணு உண்மை பேசற வீட்டுக்குப் போறா." பிறகு குறும்பாகச் சிரித்தாள். "அவரும் சும்மா இல்ல. அந்த டாஷை என்னன்னு நினைச்சு ரயிலை வானத்துக்கு அனுப்பினார்னு அவரே வந்து சொல்லட்டும்."

ஹால் சிரிப்பிலும் கைதட்டலிலும் அதிர்ந்தது. மகனின் தோள்கள் தளர்ந்து இறங்கின. அந்தப் பெண் அவனைத் தாண்டி எட்டி, "போங்க மாமா" என்றாள். அந்த வாயிலிருந்து மாமா என்று அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. துடைக்கக் கர்ச்சீப்பைத் தேடினார். மனைவி தன் கைப்பையைத் திறந்து, கர்ச்சீப்போடு மடித்த தாள் ஒன்றையும் எடுத்து நீட்டினாள். வகைக்கெழு போட்ட அதே தாள்.

"இது எதுக்கு?"

"எப்படியும் கேப்பாங்கன்னு தெரியும். எழுந்திரிங்க."

அவர் எழுந்தார். பிறந்ததிலிருந்து எத்தனையோ பேரை நிறுத்தி அவர் சொன்ன வார்த்தைதான். யாராவது அதைக் கேட்டு வாங்கியது மட்டும் இதுவரை நடக்கவில்லை. அவர் தாளை விரித்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார்.